முடிவிலாத் திண்பொருளும் முத்தோரைச் சரிவும்: ஒரு சிந்தனைச் சோதனையின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

எவ்வளவு நீளமானாலும் வளையாத, நெளியாத, முறுக்கிக்கொள்ளாத ஒரு தண்டைக் கற்பனை செய்து, அதன்வழி இயற்கையின் எல்லைகளை ஆராய்வது மெய்யியலிலும் இயற்பியலிலும் நெடுங்காலமாக இருந்துவரும் முறை. அரிஸ்டாட்டிலின் முடிவிலாக் கோடு முதல் 1909–1911 காலத்தில் ஜெர்மானிய மொழி அறிஞர்களிடையே நடந்த திண்பொருள் விவாதம் வரை இம்முறையின் வளர்ச்சியை இக்கட்டுரை சுருக்கமாக வரைகிறது. மணிமேகலை காட்டும் ஆசீவக அணுக்கொள்கையும் உடன் வைத்து நோக்கப்படுகிறது. நீலகிரி மாவட்டம் முத்தோரையில் 1970இல் பணி தொடங்கிய 530 மீ. நீள வானொலித் தொலைநோக்கி இவ்விவாதத்தை மண்ணில் நிறுத்திக் காட்டும் வரலாற்றுச் சான்று என்பது கட்டுரையின் கருதுகோள். திண்பொருள் என்னும் தமிழ்க் கலைச்சொல் மாணவரிடம் உண்டாக்கும் மயக்கமும் இறுதியில் பேசப்படுகிறது.

திறவுச்சொற்கள்: திண்பொருள், சிந்தனைச் சோதனை, முடிவிலி, உதகை வானொலித் தொலைநோக்கி, மணிமேகலை, கலைச்சொல்லாக்கம்.

முன்னுரை

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில், வயநாட்டு எல்லையை ஒட்டி அமைந்துள்ளது சேரங்கோடு. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளருக்கு வாழ்வளிக்கும் பொருட்டு 1968இல் தொடங்கப்பட்டு, 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாக உருப்பெற்ற அரசுத் தோட்டங்களுள் சில இவ்வூரைச் சார்ந்தவை. அங்குள்ள தோட்டக் குடியிருப்பு ஒன்றில் மேல்நிலை மாணவர்க்கு மாலை வகுப்பு எடுத்துவந்த நாள்களில் எழுந்த ஒரு கேள்வியே இக்கட்டுரைக்கு வித்து.

சேரங்கோட்டிலிருந்து கிழக்கு நோக்கி 50 கி.மீ. நீளத்திற்கு ஓர் எஃகுத் தண்டு கிடத்தப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இம்முனையைத் தள்ளினால் மறுமுனை எப்போது நகரும்? எஃகில் அழுத்த அலை வினாடிக்கு ஏறத்தாழ 5,000 மீ. வேகத்தில் செல்வதால் 10 வினாடி கழித்தே நகரும் என்று விடை கூறப்பட்டது. பதினொன்றாம் வகுப்பு மாணவி ஒருவர் உடனே, "அக்கா, தண்டு திண்பொருள்தானே? திண்பொருள்னா துகளுக்கு நடுவுல இருக்கிற தூரம் மாறாதுன்னு புத்தகத்துல இருக்கே. அப்போ ரெண்டு முனையும் ஒண்ணாத்தானே நகரணும்?" என்று கேட்டார்.

மாணவி பாடநூலைப் பிழையாகப் படிக்கவில்லை. பாடநூலின் வரையறையை இறுதிவரை கொண்டுசென்றால் அவர் கூறிய முடிவே கிடைக்கும். வரையறைக்கும் இயற்கைக்கும் இடையிலான இவ்விரிசல் கண்டறியப்பட்ட வரலாற்றை எழுதிப் பார்ப்பதே அவருக்கு அளிக்கத்தக்க நேர்மையான விடை.

1. சுழலும் முடிவிலாக் கோடு

பண்டைக் கிரேக்கத்தில் ஆர்க்கிட்டாஸ் எழுப்பியதாகக் கூறப்படும் வினா ஒன்றுண்டு. உலகின் விளிம்பில் நிற்கும் ஒருவர் தம் கைக்கோலை அப்பால் நீட்ட முடியுமா? முடியுமெனில் அது விளிம்பன்று. முடியாதெனில் தடுப்பது யாது? முடிவிலியை ஆராயக் கோல் ஒன்று கருவியாவதை இங்குக் காண்கிறோம்.

அரிஸ்டாட்டில் விண்ணகம் பற்றிய தம் நூலின் முதற்புத்தகத்தில் இதற்கு எதிர்த்திசையில் செல்கிறார். ஒரு மையத்திலிருந்து புறப்படும் முடிவிலாக் கோடு சுழல்வதாகவும், அருகே மற்றொரு முடிவிலாக் கோடு அசையாமல் கிடப்பதாகவும் கொள்கிறார். அவர் வாதத்தை இன்றைய நடையில் இவ்வாறு கூறலாம்: தொடக்கத்தில் இரு கோடுகளும் இணையாக உள்ளன. சுழற்சி தொடங்கியதும் முதற்கோடு இரண்டாவதை வெட்டியாக வேண்டும். முதலில் வெட்டும் புள்ளி எது? எந்தப் புள்ளியைச் சுட்டினாலும், அதற்கும் அப்பாலுள்ள புள்ளியைக் கோடு முன்னரே கடந்திருக்க வேண்டும். ஆகவே முதற்புள்ளி என்று ஒன்றில்லை. வானமோ ஒரு நாளில் ஒரு சுற்றை முடிப்பதாகக் கண்ணுக்குத் தெரிகிறது. எனவே வானம் முடிவுடையது என்பது அவர் முடிபு.

இவ்வாதத்தில் இரு கருதுகோள்கள் மறைந்துள்ளன. வானம் ஒரே பொருளாக, உறுப்புகள் ஒன்றையொன்று விட்டு விலகாமல் சுழல்கிறது என்பது ஒன்று. சுழல்வது வானமே என்பது மற்றொன்று. 499இல் ஆரியபட்டர் தம் ஆரியபட்டீயத்தில் புவியே சுழல்கிறது என்று கூறி, ஓடும் படகில் இருப்பவருக்குக் கரையிலுள்ளவை பின்னோக்கிச் செல்வதாகத் தோன்றும் உவமையைத் தந்தார். இவ்விளக்கத்தை ஏற்றால் தொலைவிலுள்ள விண்மீன்கள் ஒரு நாளுக்குள் பெருவட்டம் சுற்றவேண்டிய தேவை நீங்குகிறது. ஆயினும் வளையாத கோடு என்ற கற்பனை நீங்கவில்லை. அது வடிவவியலில் நிலைபெற்று, பிற்கால இயக்கவியலுக்குள் திண்பொருளாக நுழைந்தது.

2. செறிவே வன்மை: மணிமேகலையின் சான்று

பொருளின் வன்மை எங்கிருந்து வருகிறது என்ற வினாவைத் தமிழ் மரபும் எழுப்பியுள்ளது. மணிமேகலையின் 27ஆம் காதை சமயக் கணக்கர் பலரின் கொள்கைகளைத் தொகுத்துரைக்கிறது. அதில் ஆசீவகர் கூற்றாக வரும் பகுதி, அணுக்கள் அழிவதில்லை, பிளவுபடுவதில்லை, ஒன்றனுள் ஒன்று புகுவதில்லை, அவல்போலத் தட்டையாவதும் இல்லை என்கிறது. அவ்வணுக்கள் நெருங்கிச் செறிந்தால் வயிரம்போன்ற வன்பொருளாகும். வேறுவகையில் கூடினால் மூங்கில்போல் உட்டுளை உடையதாகும்.

வயிரத்தின் வன்மையும் மூங்கிலின் துளையும் ஒரே வகை அணுக்களின் கூட்டுமுறை வேறுபாட்டால் விளைகின்றன என்பது இங்கு நோக்கத்தக்கது. அணு மட்டுமே மாறா இயல்புடையது. அணுக்களால் ஆன பொருளின் வன்மை கூட்டத்தால் வருவது, பிரிந்தால் நீங்குவது. நவீன இயற்பியலை மணிமேகலை முன்னரே கூறிவிட்டது என்று நிறுவுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆசீவக அணுவுக்கும் இன்றைய அணுவுக்கும் பெயரளவிலான ஒப்புமையே மிகுதி. ஆயினும் ஒரு பொருள் கெட்டியாக இருப்பது அதன் உறுப்புகளுக்கு இடையிலான உறவு என்ற சிந்தனை தமிழில் இடம்பெற்றுள்ளது. இச்சிந்தனையை எடுத்துக்கொண்டால் அடுத்த வினா தானே எழும்: ஓர் உறுப்பு நகர்ந்ததை மற்றோர் உறுப்பு எவ்வாறு, எப்போது அறிகிறது?

3. திண்பொருளின் வீழ்ச்சி: 1905–1911

1905இல் ஐன்ஸ்டைன் வெளியிட்ட சிறப்புச் சார்பியலின்படி எந்தச் செய்தியும் ஒளியைவிட விரைந்து செல்லாது. நியூட்டனிய இயக்கவியலின் திண்பொருளோ ஒரு முனையின் அசைவை மறுமுனைக்கு அக்கணமே கொண்டுசெல்லும். ஆகவே அத்தகைய பொருள் ஒன்று இருந்தாலும் போதும், சார்பியல் பொய்யாகிவிடும்.

1909இல் மாக்ஸ் போர்ன் திண்பொருளைக் காக்க முயன்றார். பொருளின் ஒவ்வொரு நுண்பகுதியும் அப்பகுதியோடு உடன்செல்பவரின் அளவையில் தன் நீளம் மாறாமல் இருந்தால் அதனைத் திண்பொருள் எனலாம் என்று புது வரையறை தந்தார். அதே ஆண்டில் பவுல் எரன்ஃபெஸ்ட் ஒரு முரணைச் சுட்டினார். ஓய்விலுள்ள வட்டத்தகடு ஒன்றைச் சுழலச் செய்வோம். விளிம்பு இயக்கத்தின் திசையில் உள்ளதால் சுருங்க வேண்டும். ஆரம் இயக்கத்திற்குச் செங்குத்தானதால் சுருங்கலாகாது. ஆரம் மாறாமல் சுற்றளவு மட்டும் குறைவது யூக்ளிடிய வடிவவியலில் இயலாது. எனவே ஓய்விலிருக்கும் தகட்டைப் போர்ன் கூறிய திண்மை கெடாமல் சுழலச் செய்யவே முடியாது.

குஸ்டாவ் ஹெர்க்ளோட்ஸும் ஃபிரிட்ஸ் நோத்தரும் இதனைக் கணித அளவில் விரிவாக்கினர். பழைய திண்பொருளுக்கு 6 இயக்க உரிமைகள் உண்டு. போர்னின் திண்பொருளுக்குப் பொதுவாக 3 மட்டுமே எஞ்சின. 1911இல் மாக்ஸ் ஃபான் லாவே இறுதி வாதத்தை முன்வைத்தார். ஒரு பொருளை ஒரே நேரத்தில் பல இடங்களில் தள்ளினால், ஒவ்வோர் இடத்தின் அசைவும் மற்ற இடங்களை எட்டச் சிறிது காலம் ஆகும். அக்காலத்திற்குள் அப்பகுதிகள் தனித்தனியே இயங்குகின்றன. தள்ளும் இடங்களை எத்தனை வேண்டுமானாலும் கூட்டலாம். ஆகவே எப்பொருளின் இயக்க உரிமைகளுக்கும் மேல்வரம்பு இல்லை; திண்பொருள் என ஒன்று இயற்கையில் இல்லை.

சேரங்கோட்டு மாணவியின் ஐயத்திற்கு நேர்விடை இதுவே. பாடநூலின் திண்பொருள், மெதுவான இயக்கத்தில் பிழை புலப்படாத அளவுக்குப் பயன்படும் ஒரு கணக்கீட்டுக் கருவி.

4. முத்தோரையில் 530 மீட்டர்

இவ்விவாதம் முடிந்து அரைநூற்றாண்டு கழித்து, உதகை அருகே முத்தோரையில் மிக நீளமான ஒரு பொருளைத் திண்பொருள்போல நடந்துகொள்ளச் செய்யும் பணி தொடங்கிற்று. 1963இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்த கோவிந்த் ஸ்வரூப் (1929–2020) தலைமையில் உருவான உதகை வானொலித் தொலைநோக்கி 1970இல் பணி தொடங்கியது. அது 530 மீ. நீளமும் 30 மீ. அகலமும் உடைய பரவளைய உருளை. 23 மீ. இடைவெளியில் நிற்கும் 24 சட்டகங்கள் அதனைத் தாங்குகின்றன. நீளவாக்கில் கட்டப்பட்ட 1,100 மெல்லிய துருப்பிடிக்கா எஃகுக் கம்பிகள் அதன் எதிரொளிப்புப் பரப்பாக அமைகின்றன.

இடத்தேர்வே ஒரு வடிவவியல் தீர்வு. உதகையின் அகலாங்கு ஏறத்தாழ 11 பாகை. அதே அளவு சாய்வுடைய, தெற்கு வடக்காக ஓடும் மலைச்சரிவில் தொலைநோக்கியைக் கிடத்தினால் அதன் நீளச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாகும். பின்னர்க் கிழக்கிலிருந்து மேற்காக அதனை ஒரே அச்சில் திருப்பினால் போதும், ஒரு விண்பொருளை ஏறத்தாழ 9½ மணி நேரம் தொடரலாம். நிலநடுக்கோட்டிலாயின் சமதரையே போதுமானது. நமக்கோ மலை வேண்டியிருந்தது. தாயகம் திரும்பியோர்க்காக நீலகிரியின் மேற்குச் சரிவுகளில் தேயிலை பயிரிடப்பட்ட அதே ஆண்டுகளில், அதே மாவட்டத்தின் மற்றொரு சரிவு விண்ணை நோக்கித் திருத்தப்பட்டது.

புவியச்சிலிருந்து முத்தோரை சுமார் 6,250 கி.மீ. விலகியுள்ளது. இணையான இரு அச்சுகளுக்கு இடையே இவ்வளவு இடைவெளி இருந்தும் பிழை தோன்றாதது ஏன்? நோக்கப்படும் வானொலி மண்டலங்களின் தொலைவோடு ஒப்பிட 6,250 கி.மீ. சுழியமே. இணைகோடுகள் முடிவிலியில் சந்திக்கும் என்ற வடிவவியல் கூற்று இங்கு நடைமுறை உண்மையாகிறது.

இனி, தொலைநோக்கி எந்த அளவுக்குத் திண்பொருள் என்று கணக்கிடலாம். அது இடைவெளியற்ற ஒரே எஃகுத் தண்டாக இருந்து, அதன் ஒரு முனையை மட்டும் முறுக்கினால், எஃகில் முறுக்கலையின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 3,100 மீ. ஆதலால் மறுமுனை 0.17 வினாடி பிந்தித் திரும்பும். அதற்குள் வானம் சுமார் 2.6 விகலை நகர்ந்திருக்கும். கிழக்கு மேற்கில் தொலைநோக்கியின் பார்வை அகலமோ ஏறத்தாழ 2 பாகை, அதாவது 7,200 விகலை. பிழை 2,000இல் ஒரு பங்கிற்கும் குறைவு. வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயர்ந்தால் அத்தகைய எஃகுத் தண்டு 6 செ.மீ.க்குச் சற்று மேல் நீளும். தொலைநோக்கி ஏற்கும் அலையின் நீளம் சுமார் 92 செ.மீ. ஆதலின் அதுவும் பத்தில் ஒரு பங்கை எட்டாது. திண்மை என்பது நோக்கத்தைச் சார்ந்த அளவு என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. இதே கட்டமைப்பு ஒரு மில்லிமீட்டர் அலைக்குத் திண்பொருள் ஆகாது.

வடக்கு தெற்குத் திசையில் நிகழ்வது இன்னும் கூர்மையானது. அத்திசையில் தொலைநோக்கி அசைவதே இல்லை. குவியக்கோட்டில் வரிசையாக உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட இருமுனை அலைவாங்கிகளின் குறிகைகளை உரிய காலத்தாழ்வுடனும் கட்டமாற்றத்துடனும் கூட்டி, பார்வையை மட்டும் திருப்புகின்றனர். வானநடுவரையிலிருந்து 30 பாகை வடக்கேயுள்ள ஒரு மூலத்தின் அலைமுகம் தொலைநோக்கியின் வடமுனையைத் தொட்டு, 0.88 மைக்ரோ வினாடி கழித்தே தென்முனையைத் தொடும். இரு முனைகளுக்கும் ஒரே "இப்போது" இல்லை என்பதை ஏற்று, அவ்வேறுபாட்டைக் கணக்கில் கொண்டு ஈடுசெய்வதால்தான் தொலைநோக்கி பார்க்கிறது. திண்பொருளை வீழ்த்திய செய்தி வேக வரம்பே இங்குப் பார்வையின் கருவியாகிவிடுகிறது.

5. இரு தண்டுகள்

முத்தோரைத் தொலைநோக்கியை இருபுறமும் முடிவின்றி நீட்டுவதாகக் கற்பனை செய்வோம். புவியோடு சுழன்றாலும் அதன் எப்பகுதியும் அச்சிலிருந்து 6,250 கி.மீ. தொலைவிலேயே இருக்கும், வேகம் எங்கும் ஒன்றே. நீளம் முடிவிலியானாலும் வேக முரண் தோன்றாது.

மாறாக, சேரங்கோட்டில் புவியச்சுக்குச் செங்குத்தாக ஒரு தண்டை நாட்டி வெளிநோக்கி நீட்டுவோம். அச்சிலிருந்து விலக விலக அதன் வேகம் கூடும். ஏறத்தாழ 411 கோடி கி.மீ. தொலைவில், அதாவது யுரேனசின் பாதைக்கு அப்பால், நெப்டியூனின் பாதையை எட்டுமுன், தண்டின் வேகம் ஒளியின் வேகத்தைத் தொட்டுவிடும். அங்கு அது வளைந்தாக வேண்டும், அன்றேல் முறிந்தாக வேண்டும். அரிஸ்டாட்டில் முடிவிலித் தொலைவில் கண்ட இடரைச் சார்பியல் நம் ஞாயிற்றுக் குடும்பத்தின் எல்லைக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்துகிறது. அவருடைய வெட்டுப்புள்ளி மட்டும் எவ்வேகத்திலும் ஓடலாம். அது பொருளன்று, செய்தியையும் சுமப்பதன்று.

அச்சுக்கு இணையான தண்டும் முற்றிலும் ஐயத்திற்கு அப்பாற்பட்டதன்று. சுழலும் நீண்ட உருளையை அதன் அச்சின் திசையில் பெருவேகத்தில் கடந்து செல்பவர் முறுக்கிய நிலையிலேயே அளப்பார். நமக்கு ஒரே நேரத்தில் நிகழும் திருப்பங்கள் அவருக்கு முன்பின்னாக நிகழ்வதே காரணம். நீளமும் அவ்வாறே மாறும். ஒளிவேகத்தின் 99.9 விழுக்காட்டில், சுருக்கக் காரணி 23 ஆக இருக்கும்படி, அச்சின் வழியே ஒருவர் விரைந்தால் 24 சட்டகங்களும் அவர் அளவையில் 23 மீ.க்குள் அடங்கிவிடும். முழுத் தொலைநோக்கியும் நம் அளவையின் ஒரு சட்டக இடைவெளிக்குள் வந்துவிட்டது. ஆயினும் ஒரு கம்பிகூட நெரியவில்லை.

இது வெறுங்கற்பனை அன்று என்பதற்கு உதகையிலேயே சான்று உள்ளது. 1950கள் முதல் அங்கு அண்டக்கதிர் ஆய்வு நடைபெற்று வருகிறது. சுமார் 2,200 மீ. உயரத்திலுள்ள கிரேப்ஸ்-3 ஆய்வுக்களம் மியூவான் துகள்களை இடையறாது பதிவுசெய்கிறது. 2014 டிசம்பர் 1 அன்று ஓர் இடிமேகத்துள் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் நிலவியதை மியூவான்களின் எண்ணிக்கைக் குறைவைக் கொண்டு அக்குழுவினர் கணித்து 2019இல் வெளியிட்டனர். மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ வினாடி. அதற்குள் ஒளியே 660 மீ.தான் செல்லும். 15 கி.மீ. உயரத்தில் பிறக்கும் மியூவான் உதகையை அடைய 12.8 கி.மீ. கடக்க வேண்டும். பழைய கணக்கின்படி நூறு கோடியில் நான்கே வந்துசேரும். சுருக்கக் காரணி 20 எனில், ஆற்றல் இழப்பை நீக்கிப் பார்க்க, மூன்றில் ஒரு பங்கிற்கு மேல் வந்துசேரும். அதன் ஆயுள் நீண்டது என்கிறோம் நாம். மியூவானின் அளவையில் 12.8 கி.மீ. 640 மீ. ஆகச் சுருங்கியது. இரு கூற்றும் ஒரே எண்ணிக்கையைத் தருகின்றன.

6. சொல்லில் உறையும் மயக்கம்

தமிழ்ப் பாடநூல் வழக்கில் துகள்களுக்கு இடையிலான தொலைவு மாறாத கருத்தியற் பொருள் "திண்பொருள்" எனப்படுகிறது. நீர்மம், வளிமம் ஆகியவற்றோடு வைத்து எண்ணப்படும் நிலை "திண்மம்". இரண்டும் ஒரே வேரின. கல், எஃகு, மரம் ஆகிய திண்மங்களை நாள்தோறும் காணும் மாணவர், திண்பொருளும் அவற்றுள் ஒன்றே என எண்ணுவது இயல்பு. மீட்சியியற் பகுதியிலோ "விறைப்புக் குணகம்" என்ற சொல் வழங்குகிறது. எஃகுக்கும் அளவிடத்தக்க, முடிவுள்ள விறைப்பே உண்டு என்பது அப்பகுதியின் செய்தி. ஒரே கருத்து இரு வேர்ச்சொற்களில் பிரிந்து கிடப்பதால், திண்பொருள் என்பது விறைப்பு முடிவிலியாகிய கற்பனை எல்லை என்னும் தொடர்பு மாணவர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

எனவே "விறைபொருள்" என்ற சொல்லை இக்கட்டுரை முன்மொழிகிறது. சொல்லை மாற்ற இயலாதெனின், "இது கருத்தியற் பொருள், இயற்கையில் இல்லை" என்ற ஒரு வரியேனும் வரையறையோடு சேரவேண்டும். ஆங்கில நூலையும் எடுத்துப் பார்க்க வாய்ப்புள்ள மாணவருக்கு இம்மயக்கம் விரைவில் தெளியும். தோட்டக் குடியிருப்பில் தமிழ்ப் பாடநூல் ஒன்றையே நம்பிப் பயில்பவருக்கு அந்தச் சொல்லே முழு அறிவு. பிழையான சொல்லின் சுமை அவர்மீதே விழுகிறது.

நிறைவுரை

அரிஸ்டாட்டில் முடிவிலாக் கோட்டைச் சுழற்றி வானம் முடிவுடையது என்றார். லாவே திண்பொருளைப் பல இடங்களில் தள்ளி அது இல்லை என்றார். முத்தோரையில் 24 சட்டகங்கள், ஒன்றின் அசைவை மற்றொன்று உடனே அறியாது என்ற நிலையிலும், ஒரே பொருள்போலத் திரும்புகின்றன. நிலவு வானொலி மூலங்களை மறைக்கும் கணங்களை அத்தொலைநோக்கியால் அளந்து பெற்ற கோண அளவுகளைக் கொண்டு, மூலங்களின் தன்மை காலந்தோறும் மாறிவந்துள்ளது என்று 1975இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் காட்டினர். என்றும் ஒரே நிலையிலுள்ள, தொடக்கமற்ற அண்டம் என்ற கொள்கைக்கு அது எதிர்ச்சான்றாயிற்று. முடிவிலியைப் பற்றிய பழைய வினா ஒன்றுக்கு, முடிவுள்ள நீளமும் முடிவுள்ள விறைப்பும் உடைய ஒரு கருவி விடை தேட உதவியது.

உதகைத் தொலைநோக்கியை அதன் நீளத்திற்காகவும் உள்நாட்டு ஆக்கம் என்பதற்காகவும் போற்றுவது முறையே. அதனோடு, அது எந்தக் கருத்துச் சிக்கலுக்கு விடையாக நிற்கிறது என்பதும் தமிழில் எழுதப்பட வேண்டும். மாணவியின் கேள்விக்கு மறுவாரம் தரப்பட்ட விடை சுருக்கமானது: அவர் படித்தது சரி, தண்டும் சரி, புத்தகத்திலுள்ள திண்பொருளைத்தான் எவராலும் செய்ய முடியாது. அதற்கு அவர், "அப்போ அதை ஏன் அக்கா படிக்கிறோம்?" என்றார். எந்த அளவுக்குப் பிழை பொறுக்கத்தக்கது என்பதை அறிவதற்கே என்பது இக்கட்டுரை கண்ட முடிபு.